சாக்குருவியின் புதிய சிநேகிதர்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் பழைய வீடுகளைப் பற்றி எழுதும்போது, துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்புறத் தோட்டத்தில் இரண்டு கூகைக் குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பெட்டிக்குள் வைத்த சங்கதியைப் போகிற போக்கில் பத்து வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்கள் பதினேழு. பதினேழும் அந்தப் பத்து வரியைப் பற்றியவை. இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவலுக்குக்கூட எனக்கு ஒரே மாதத்தில் இத்தனை கடிதம் வந்ததில்லை என்பதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு இங்கே சொல்லி வைக்கிறேன்.

பதினேழில் நான்கு வசவு. நல்ல நாளும் அதுவுமாகச் சாக்குருவியைப் பத்திரிகையில் ஏற்றி எங்கள் வீட்டுக்குள் அனுப்பிவிட்டீர்களே என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். மீதிப் பதின்மூன்றும் அன்பான கடிதங்கள். ஆந்தை எவ்வளவு அழகு, அதன் முகம் குழந்தை முகம் மாதிரி இருக்கிறதே, உங்களுக்குக் கிடைத்த பாக்கியம் எங்கள் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டாமா, எங்கே போனால் ஓர் ஆந்தையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆர். எஸ். புரத்திலிருந்து எழுதிய ஒருவர், மகளின் பிறந்த நாளுக்கு ஒரு மணி நேரம் ஓர் ஆந்தைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா, செலவைப் பற்றிக் கவலையில்லை என்கிறார். கல்யாணத்துக்கு நாதஸ்வரம் ஏற்பாடு செய்கிற மாதிரி!

எனக்குச் சண்டை இந்தப் பதின்மூன்று பேரோடுதான். ஆனால் அந்த நான்கு பேருக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் தாண்டிப் போனால் மரியாதையாகாது.

ஆந்தை அலறுவதை எண்ணிப் பலன் சொல்லும் பழைய பாட்டு ஒன்று உண்டு. பஞ்சாங்கத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். ஒரு முறை அலறினால் சாவு. இரண்டு முறை அலறினால் நினைத்த காரியம் கைகூடும். மூன்று முறை என்றால் பெண் சுகம். இப்படியே எண்ணிக்கை ஏறிக்கொண்டு போகிறது. இதை நம்புகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? பேசாமல் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அது இரண்டாவது தடவை அலறுகிற வரைக்கும் மூச்சு விடாமல் காத்திருக்க வேண்டும் அல்லவா? நம்முடைய ஆட்களோ முதல் சத்தத்திலேயே கல்லை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பாதியில் விரட்டிவிட்டுச் சாவு சொல்லிவிட்டுப் போய்விட்டது என்கிறார்கள். சாஸ்திரத்தைக்கூட முழுசாகக் கேட்கப் பொறுமையில்லாதவர்களோடு நான் என்ன வாதாடுவது?

நம் முன்னோர்கள் இந்தப் பறவையை இப்படி ஒரேயடியாகத் தள்ளி வைக்கவும் இல்லை. கூகையைக் கோட்டான் என்றும் சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியலில் இடம் ஒதுக்கியிருக்கிறது. புறநானூற்றுப் புலவர் ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர். வள்ளுவர் காலமறிதலைச் சொல்ல வந்தவர், பகலில் காக்கை கூகையை ஜயித்துவிடும் என்கிறார். கவனியுங்கள், கூகைக்குப் பகலில் கண் தெரியாது என்று அவர் சொல்லவே இல்லை. அது பிற்பாடு நாமாகச் சேர்த்துக்கொண்ட கதை. பகலிலும் அதற்குக் கண் தெரியும். காக்கைகள் கூட்டம் சேர்த்துக்கொண்டு கொத்த வரும் என்பதால்தான் வெளியே வருவதில்லை. நம் காலத்தில் சோ. தர்மன் 2005-இல் எழுதிய 'கூகை' நாவலில், பலம் இருந்தும் பகலில் சின்னப் பறவைகளிடமெல்லாம் அடிபடுகிற இந்தப் பறவையைத்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உருவமாக்கியிருக்கிறார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பொறாமை ஏற்படுத்துகிற தேர்வு அது.

ஆந்தையைக் கண்டு பயப்படுவது கிராமத்துப் பாமரர்கள் மட்டும்தான் என்று பட்டணத்து வாசகர்கள் சிரிக்க வேண்டாம். 2018-இல் தெலங்கானா சட்டசபைத் தேர்தல் சமயம், கர்நாடகத்துக் கலபுரகி மாவட்டத்தில் சேடம் பக்கம், கொம்பன் ஆந்தைகளைக் கடத்திக்கொண்டு போன சிலர் பிடிபட்டார்கள். எதற்காக? எதிர்க் கட்சி வேட்பாளருக்குச் சூனியம் வைப்பதற்காக! வாக்குப் பதிவுக்கு மின் இயந்திரம், வாக்கைக் கலைப்பதற்கு ஆந்தை. வடக்கே தீபாவளி அமாவாசையில் லட்சுமியின் வாகனம் என்று சொல்லிக்கொண்டே அதைப் பலி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாகனத்தை வெட்டிவிட்டால் அம்மன் வீட்டை விட்டுப் போக மாட்டாள் என்ற கணக்கோ என்னவோ.

போகட்டும். இந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும், ஆந்தைக்கும் தெரியும். கல்லெறிகிறவனைப் பார்த்தால் பறந்துவிடலாம். கொஞ்ச வருகிறவனிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம்.

பத்து வரியில் சொன்னதை இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

துடியலூர் இப்போது கோயம்புத்தூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது, 2011-இல் சேர்த்தார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிறவர்களுக்கு அது கடைகளும் பஸ்களும் நெரிகிற ஓர் இடம். ரோட்டை விட்டு மேற்கே தடாகம் பக்கம் திரும்பினால் இன்னும் சோளக்காடும் வாழையும் பாக்கும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அப்படி மிஞ்சிய தோட்டம் ஒன்றில் ஓட்டுச் சாளை ஒன்று இருந்தது. ஆள் குடியிருந்து இருபது வருஷமாவது இருக்கும். தை பிறந்ததும் சைட் போடுவதற்காக இடிக்க வந்தார்கள். மண் அள்ளும் இயந்திரம் ஒரு பக்கச் சுவரைத் தள்ளியதும் அட்டாலியிலிருந்து பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். ஆட்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஒருத்தர்தான், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கிட்டே போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

மூன்று குஞ்சுகள். படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சின்னது. கூகை முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை. முதல் முட்டை இட்டதிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் மூத்ததற்கும் இளையதற்கும் வயதில் நாள் கணக்காக வித்தியாசம் இருக்கும். மூன்றும் வெள்ளைப் பஞ்சு. நடுவில் பாதி வெட்டிய ஆப்பிள் பழம் மாதிரி முகம். அதில் கறுப்பாக இரண்டு கண்.

"ஏனுங் தம்பி, இதுகளோட ஆத்தாளும் அப்பனும் எங்கியும் போயிருக்காதுங்க. பொழுது விழுந்தா வருமுங்க. எடத்த விட்டு மட்டும் கொண்டுட்டுப் போயறாதீங்க" என்றார் அவர். பிறகு வனத்துறைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, வந்து பார்த்த ஊழியரும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார்.

மோட்டார் ரூம் முப்பதடி தூரத்தில் இருந்தது. அதன் கூரைக்குக் கீழே ஒரு மரப் பெட்டியைக் கட்டினோம். பெட்டிக்குள் வைக்க ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டியிருந்தது. கோணிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்கினேன். இந்த அநுபவத்துக்குத்தான் பதின்மூன்று பேர் ஆசைப்படுகிறார்கள். ஆகையால் அது எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஆச்சரியம், எடை இல்லாமை. கண்ணுக்குத் தெரிகிற உருவத்தில் பாதிக்கு மேல் வெறும் காற்றும் பஞ்சும். விரலை அழுத்தினால் உள்ளே எங்கேயோ சின்னதாக ஓர் உடம்பு தட்டுப்படுகிறது. அந்த உடம்பு முழுவதும் ஒரே துடிப்பு. மல்லாந்து விழுந்து இரண்டு காலாலும் உதைத்தது. நகம் சாக்கைத் தாண்டி என் கட்டைவிரலில் இறங்கியது. நடுவிரல் நகத்தின் ஓரத்தில் சீப்பு மாதிரி பல் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அலகைத் தட்டித் தட்டி ஒரு சத்தம்; நடு நடுவே பிரஷர் குக்கர் மாதிரி சீறல். மூத்தது இப்படிப் போராடியது. நடுவிலது ஒரு தடவை சீறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விறைத்து அப்படியே நின்றுவிட்டது. எனக்கு மனசு பதறிவிட்டது. 'தூங்குகிறது, பாவம்' என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அது தூக்கமில்லை. தப்ப வழியில்லை என்று தெரிந்துவிட்ட கூகை அப்படித்தான் கண்ணை மூடும். இரண்டையும் பெட்டியில் விட மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு நிமிஷம்கூட அதிகமாக வைத்திருக்க எனக்கு ஆசை எழவில்லை.

இரவு எட்டு மணி சுமாருக்கு வெள்ளையாக ஒன்று வந்தது. இறக்கைச் சத்தமே இல்லை. இறகின் முன் ஓரம் சீப்புப் போலவும் பின் ஓரம் குஞ்சலம் போலவும் இருப்பதால் காற்று சத்தம் எழுப்பாமல் நழுவிவிடுகிறது என்கிறார்கள். இடிந்த சாளையின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றியது. பெட்டிக்குள்ளிருந்து பசிச் சீறல் கேட்டதும் நேரே அங்கே போயிற்று. வாயில் எலி. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று ஒரு பேச்சு உண்டே, அது வெறும் பேச்சு.

இரண்டைச் சொன்னேன். மூன்றாவது என்ன ஆயிற்று என்று பதினேழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் போன மாதம் அதைச் சொல்லவே இல்லையே.

எல்லாவற்றிலும் சின்னதான அந்த மூன்றாவது குஞ்சை, நான் சாக்குத் தேடப் போன நேரத்தில், இடிக்க வந்த ஆட்களில் ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்ட குடும்பம் நல்ல குடும்பம், படித்தவர்கள், மிருகங்களிடம் பிரியமானவர்கள். எனக்குத் தகவல் கிடைத்தது நான்காம் நாள். போய்ப் பார்த்தேன். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் மின்விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. ஹாரி பாட்டர் கதையில் வருகிற வெள்ளை ஆந்தையின் பெயரை வைத்திருந்தார்கள். பாலில் ஊறிய ரொட்டியைச் சிரிஞ்சியில் புகட்டிக்கொண்டிருந்தார்கள். ஆந்தைக்குப் பால் செரிக்காது. அந்த மாடியில் உள்ள குழந்தைகள் எல்லோரும் அதை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாகிவிட்டது. "எவ்வளவு நிம்மதியாத் தூங்குது பாருங்க சார்!" என்றார் அந்த வீட்டுக்காரர். குஞ்சு கண்ணை மூடி விறைத்து நின்றது. வனத்துறைக்கு உடனே சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். அவர்கள் மறுநாள் காலை வருவதற்குள் அது இறந்துவிட்டது. "மனசாரத்தான் சார் செஞ்சோம்" என்றார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மனசைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளை ஆந்தைப் பித்து ஒன்றும் துடியலூர்க்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. டிராஃபிக் என்ற வனவிலங்கு வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2010-இல் இந்தியாவில் ஆந்தை வியாபாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போது கணக்கில் இருந்த 30 வகை ஆந்தைகளில் 15 வகை சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. மந்திரவாதமும் பலியும்தான் முக்கியக் காரணம். ஆனால் அறிக்கையை எழுதிய அப்ரார் அகமதுக்கு இந்த விஷயத்தில் கவனம் திரும்பிய காரணங்களில் ஒன்று, தெரிந்த பணக்கார வீட்டில் பையனின் பத்தாவது பிறந்த நாளுக்கு உயிருள்ள வெள்ளை ஆந்தை ஒன்று வேண்டும் என்று அவரிடம் கேட்டதாம். ஹாரி பாட்டர் பாணிப் பிறந்த நாள். ஆர். எஸ். புரத்து நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷும் அந்தப் புத்தகங்களின் மோகத்தை வெளிப்படையாகவே குறை சொன்னார். அந்தக் கதைகளை எழுதிய அம்மாளோ, என் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆந்தையை வீட்டில் அடைத்து வைத்தால் அது சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். அவர் கதையில் வருவது வடதுருவத்துப் பனி ஆந்தை. சித்திரை வெயிலில் கவுண்டம்பாளையம் சிக்னலில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, எதிர்த் தரப்பைக் கேட்போம். கடிதங்களில் நல்ல வாதங்களும் இருக்கின்றன.

இங்கிலாந்தில் பணம் கட்டினால் தோல் உறையைக் கையில் மாட்டிவிட்டு ஆந்தையை உட்கார வைக்கிறார்களே, ஜப்பானில் காப்பி குடித்துக்கொண்டே ஆந்தையைத் தடவிக் கொடுக்கக் கடைகளே இருக்கின்றனவே, அங்கெல்லாம் தப்பில்லை, இங்கே மட்டும் தப்பா என்று ஒருவர் கேட்கிறார். இங்கிலாந்தில் அப்படிக் காட்டும் பறவைகள் கூண்டிலேயே பொரித்து, குஞ்சிலிருந்து மனிதன் கையில் வளர்ந்தவை. அவற்றுக்குக் காடு தெரியாது. ஜப்பானியக் காப்பிக் கடை ஆந்தைகளை, இரவில் விழித்திருக்க வேண்டிய ஜீவன்களை, பகலெல்லாம் காலில் வார் கட்டி வரிசையாக நிறுத்தி வைக்கிறார்கள் என்று அந்த நாட்டுக்காரர்களே சண்டை போடுகிறார்கள். அதில் எதை நாம் இறக்குமதி செய்துகொள்ள வேண்டும்? இங்கே 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டு ஆந்தையைப் பிடிப்பதும் வைத்துக்கொள்வதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அன்பினால் வைத்துக்கொண்டேன் என்பது சட்டத்தில் விலக்கு அல்ல.

இன்னொரு வாசகி எழுதியிருப்பதுதான் கனமான வாதம். குழந்தை தொட்டால்தான் பயம் போகும். பயம் போனால்தான் பிரியம் வரும். பிரியம் வந்தால்தான் நாளைக்குக் காப்பாற்றும் என்கிறார். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் நாங்கள் இருப்பது தடாகம் பள்ளத்தாக்கின் வாசலில். கோயில் யானையிடம் காசு கொடுத்துத் தலையில் தும்பிக்கையை வைத்து ஆசி வாங்காத குழந்தை இந்தப் பக்கத்தில் உண்டா? தலைமுறை தலைமுறையாக யானையைத் தொட்டவர்கள் நாம். 2021-இல் மூடச் சொல்லி உத்தரவு வருகிற வரைக்கும் செங்கல் சூளைக்காக யானை வழியின் செம்மண்ணைத் தோண்டித் தோண்டிப் பாதாளமாக்கியதும் நாம்தான். ராத்திரி யானை தோட்டத்துக்கு வந்தால் வெடி கொளுத்துவதும் தும்பிக்கையைத் தொட்ட அதே கைதான். தொட்டதால் யானைமேல் இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது. மரியாதை வந்தது என்பதற்கு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதுவும் போகட்டும். தொட்டால் பயம் போகும் என்கிறீர்களே, யாருடைய பயம்? உங்கள் குழந்தையின் பயம் போகலாம். உள்ளங்கையில் துடிக்கிறதே அந்தப் பயம் யார் கணக்கில்?

ஆந்தையின் முகம்தான் நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். மற்றப் பறவைகளுக்குக் கண் பக்கவாட்டில். இதற்கு மட்டும் மனிதனைப் போல முன்னால். வட்ட முகம் வேறு. பார்த்ததும் நம் வீட்டுக் குழந்தை நினைவு வந்துவிடுகிறது. உண்மையில் அந்த வட்டம் முகமே அல்ல. சத்தத்தை ஏந்திக் காதுக்கு அனுப்புகிற தட்டு. காதுகள் இரண்டும் அந்த இறகுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் எலி எந்த உயரத்தில் சரசரக்கிறது என்று கணக்குப் போடுகிறது. பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவு செய்து உலகப் பிரசித்தி அடைந்த ராஜர் பெய்ன் என்ற அமெரிக்கர், வாலிபத்தில் கூகையை முழு இருட்டான அறைக்குள் விட்டுப் பார்த்தார். காதை மட்டும் வைத்தே எலியைப் பிடித்துவிட்டது. கண்ணோ குழிக்குள் குழாய் மாதிரி பொருந்தியிருக்கிறது, உருட்ட முடியாது. அதனால்தான் கழுத்தைத் திருப்புகிறது. நாம் அதை 'என்னையே பார்க்கிறான்' என்று கொஞ்சுகிறோம். இப்படிப்பட்ட காதுள்ள பறவையை, பாட்டும் பலூனும் வெடிக்கிற பிறந்த நாள் அறைக்குள் கொண்டு வரச் சொல்கிறார் என் ஆர். எஸ். புரத்து நண்பர்.

தொட்டுத்தான் ஆக வேண்டுமா? அப்படியானால் தொடுவதற்கு நான் ஒன்று தருகிறேன்.

கூகை எலியைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கும். எலும்பும் மயிரும் செரிக்காது. உள்ளேயே உருண்டையாகத் திரட்டி வாய் வழியாகக் கக்கிவிடும். மோட்டார் ரூமுக்குக் கீழே அந்த உருண்டைகள் கிடக்கும். கட்டைவிரல் பருமன், காய்ந்தால் கறுப்பு, நாற்றம் அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக் குழந்தைகள் நாலு பேரை உட்கார வைத்து, பழைய பத்திரிகையைத் தரையில் விரித்து, வெந்நீரில் ஊறப்போட்ட ஓர் உருண்டையைத் தீக்குச்சியால் பிரித்துக் காட்டினேன். அந்தப் பத்திரிகையில் என் கதை ஒன்றும் இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே உருண்டையில் நாலு மண்டையோடு. முன்பல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து அப்படியே இருந்தது. விலா எலும்புகள் ஊசி மாதிரி. ஒரு பெண் குழந்தை தாடை எலும்புகளை மட்டும் தனியே பொறுக்கி ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் வந்து, 'இன்னும் இருக்குங்களா?' என்று கேட்டார்கள். கையும் ஆசை தீரத் தொட்டது. கூகைக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னது ஒன்றுதான் என் கண்டிப்பு.

இது பிள்ளை விளையாட்டு மட்டும் இல்லை. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் அ. வ. அ. கல்லூரிக்காரர்கள் காவேரிப் படுகையில் இதே கூகைகளைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். அதன் குஞ்சுகளின் வளர்ச்சியைப் பற்றிய அவர்கள் கட்டுரை 2002-இல் அமெரிக்கப் பறவையியல் பத்திரிகை ஒன்றில் வந்தது. உருண்டைகளைப் பிரித்துப் பார்த்ததில் வயலைத் தின்கிற எலிகள்தான் அதன் முக்கிய ஆகாரம் என்று தெரிந்தது. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலிக்காகக் கூகைப் பெட்டி வைக்கிறார்கள். இஸ்ரேலில் 1983-இல் ஒரு பண்ணைக் கிராமத்தில் தொடங்கிய பெட்டி, பிற்பாடு எல்லை தாண்டி ஜோர்டான் விவசாயிகளிடமும் போய்ச் சேர்ந்தது. அரபு நாட்டிலும் ஆந்தை அபசகுனம்தான்! அவர்கள் தாண்டி வந்துவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் வயலில் டி எழுத்து வடிவத்தில் கொம்பு நட்டு ராத்திரியில் ஆந்தை உட்கார இடம் கொடுக்கிறார்கள். எல்லாம் தொடாமல் செய்கிற உபகாரங்கள். ஓர் இடத்திலும் யாரும் அதை மடியில் வைத்துக்கொள்ளவில்லை.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? ஓட்டுச் சாளை போகிறது. பொந்துள்ள பனை போகிறது. பாழ் கிணற்றின் சுவரில் இருந்த பொந்து, கிணற்றோடு சேர்த்து மூடப்படுகிறது. எலிக்கு வைக்கிற விஷக்கட்டி இன்னொரு பக்கம். அதில் சிலவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அகப்படுவது முதலில் அந்தத் தள்ளாடுகிற எலிதான். விஷம் எலியோடு நிற்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் விஷக்கட்டியை வைத்துவிட்டு, மேல்மாடியில் ஆந்தைக் குஞ்சுக்கு ரொட்டி ஊறவைப்பதைப் பிரியம் என்று நான் எப்படி எழுதுவேன்?

துடியலூரிலிருந்து தடாகம் வழியாக மேற்கே போனால் ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரில் பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1990-இல் ஏற்பட்டது. உலகத்துப் பறவை அறிஞர்களுக்குத் தெரிந்த இடம். அதிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு, விழுந்த குஞ்சை என்ன செய்வது என்று நம்மில் பத்து பேருக்குத் தெரியாது. ஆகவே சொல்லிவிடுகிறேன். காயம் இல்லையென்றால் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பூனையும் நாயும் எட்டாத உயரத்தில், ஒரு பெட்டியிலோ கூடையிலோ வையுங்கள். தண்ணீர் வேண்டாம், பால் வேண்டாம், சோறு வேண்டாம். விலகிப் போய் இருட்டில் நின்று பாருங்கள். தாய் வரும். காயம் இருந்தால் மூடிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, வெளிச்சமில்லாத இடத்தில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூட்டம் சேர்க்காதீர்கள். படம் எடுக்காதீர்கள். பெயர் வைக்காதீர்கள்.

மோட்டார் ரூம் இருக்கிற நிலத்தையும் சேர்த்துத்தான் சைட் போடுவதாக இருந்தார்கள். நானும் அந்த ஆத்தாவும் போய்ப் பேசினோம். நான் சட்டத்தைச் சொன்னேன். நிலத்துக்காரர் சட்டத்தை ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆத்தா, "ஏஞ்சாமி, உன்ர சோளக்காட்டு எலிய இத்தன வருசம் ஆரு புடிச்சாங்கன்னு நெனச்சே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பங்குனி கடைசி வரைக்கும் மோட்டார் ரூமைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மூத்தது இப்போது பெட்டி விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கிறது. இளையது இன்னும் உள்ளேதான். சித்திரையில் பெட்டியை எங்கே மாற்றிக் கட்டுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆத்தா தம் கட்டுத்தரைக் கூரையைக் காட்டியிருக்கிறார், மாடு மிரளுமோ என்று அவர் மகன் யோசிக்கிறார்.